நான் நிறுத்திய கல்யாணம்

என் தம்பியின் கல்யாணத்தை நிறுத்தியவள் நான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, நெல்லை டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் இரண்டு நாள் வேலைதான் பாக்கி. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, தம்பிக்கு இருபத்தைந்து. அது ஏன் நின்றது என்பதற்குச் சொந்தக்காரர்கள் இன்றுவரை பல காரணங்கள் சொல்கிறார்கள். அக்காவுக்கு முன்னால் தம்பிக்கு ஆகிறதே என்ற பொறாமை என்பது அவற்றில் ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது, என் பங்கையும் சேர்த்து.

பெண் என் தோழி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் ஒன்றாகப் படித்தோம். அவள் ஊர் முக்கூடல். அவள் அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். விடுதியில் தங்கியிருந்தவள் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அப்படித்தான் தம்பிக்கும் அவளுக்கும் பழக்கமானது. அது காதலாகிவிட்டது என்று முதலில் தெரிந்தவளும் நான்தான். எனக்கு ஒரே சந்தோஷம். தோழி நம் வீட்டுக்கே வந்துவிடுவாள், அவனைவிட ஒரு வயது மூத்தவள் என்றாலும் சாதி ஒன்றுதான், யாரும் பெரிதாக எதிர்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. "குடிக்காத மனுஷன்" என்பது எங்கள் சொந்தத்தில் அவருக்கு இருந்த பட்டம். அம்மாவை அடிப்பார். தினமும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை இருக்கும், சில சமயம் மூன்று மாதம் ஒன்றுமே நடக்காது. சட்டையில் போகாத கறை, நேரத்துக்கு வராத காப்பி, அம்மா பதிலுக்குச் சொன்ன ஒரு சொல், இப்படி ஏதாவது போதும். அடித்தார் என்று வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். "அப்பாவுக்குக் கோவம் வந்துட்டு" என்போம்.

அந்த நேரத்தில் என் வேலை டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தம்பி என்னைப் போல இல்லை. சின்ன வயதில் ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை அடி அவன்மேல் விழுந்து காது இரண்டு நாள் வலித்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு நடுவில் வருவதை நிறுத்திக்கொண்டான். இயர்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். ஒருநாள் என்னிடம் சொன்னான்:

"அவியளுக்குக் கோவம் வரும்னு தெரியும்லாக்கா. அம்மா எதுக்குப் பதில் பேசணும்?"

நானும் "அதான" என்றேன்.

படிப்பு முடிந்து கங்கைகொண்டான் பக்கம் சோலார் தகடு பொருத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். சாயங்காலம் நான்கு நண்பர்களோடு ஷட்டில் விளையாடப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டு மாடியில் இருப்பார்கள். நல்ல பையன்கள்தான். எங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் முதலில் ஓடி வருபவர்கள். அவர்களில் ஒருவன் பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டீ கொண்டுபோனபோது அவன் தன் காதலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு அறைதாம்ல விட்டேன். அன்னையிலேருந்து போன் அடிச்சா ரெண்டாவது ரிங் போகாது, எடுத்துருதா."

எல்லாரும் சிரித்தார்கள். டீத் தட்டோடு நின்ற நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறந்திருக்கலாம், மறக்கவில்லை.

இன்னொருவன் தம்பியின் போனை எட்டிப் பார்த்தான். "ஏலே, ஒன் ஆளு ஆன்லைன்ல இருக்கா. ஒனக்குப் பதில் வரலையே! யாருகூட பேசுதா?" தம்பியின் முகம் மாறியது. அவர்கள் அதோடு விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவன் விடவில்லை. அன்று முழுக்க மாடிக்கும் கீழுக்குமாக நடந்து அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தான்.

பையன்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. கல்லூரியில் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். "அவன் என்ன ஒரு பயகூடவும் பேச விடமாட்டான்" என்று யாராவது சலித்துக்கொண்டால் அதில் ஒரு பெருமை இருக்கும். தன் ஆள் எதற்கும் கோபப்படுவதில்லை என்று சொன்ன ஒருத்தியை, "அப்ப அவனுக்கு ஒம்மேல ஒண்ணும் பெருசா இல்ல போலட்டி" என்று கிண்டல் செய்து அழவைத்திருக்கிறோம். நானும்தான்.

கல்லூரி முடித்ததும் என் தோழி வண்ணார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். முகக்கவசம் போடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகாத காலம். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள் உள்ளே வந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"என்னட்டி இது?"

"ஒன் தம்பிதான்."

நான் கேட்ட அடுத்த கேள்வி: "நீ என்ன சொன்ன?"

அப்பாவின் அக்காவான எங்கள் அத்தையும் பெரியம்மாவும் அம்மாவிடம் கேட்கும் கேள்வி அது. "நீ என்னத்தச் சொன்ன, அவன் கை நீட்டுத அளவுக்கு?" அதே கேள்வி, அதே குரல்.

அவள் சொன்னாள். மழை என்பதால் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் பைக்கில் விடுதி வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். தம்பியின் நண்பன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்திருக்கிறான்.

"அவன் பொசசிவ்ட்டி" என்றேன். "ஒம்மேல அவ்வளவு உசுரு. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்."

அவள் தலையாட்டிவிட்டுச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உதட்டில் படாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். தம்பி மறுநாள் என்னிடம் வந்து அழுதான். இனிமேல் செய்யமாட்டேன் என்றான். நம்பினேன். அவனும் அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்து இன்னும் நான்கு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. வேலையில் டென்ஷன். அப்பாவோடு சண்டை. நீ ஏன் போனை எடுக்கவில்லை. ஒருமுறை மட்டும் தம்பியைத் திட்டினேன். "அவ பேசுததை நீ கேட்டியா?" என்று திருப்பிக் கேட்டான். நான் அடங்கிவிட்டேன். அவன் சொன்னான் என்று அவள் வேலையை விட்டு முக்கூடலுக்கே போனாள். எங்கே இருக்கிறாள் என்பது எந்நேரமும் அவன் போனில் தெரிய வேண்டும் என்றான், அதற்கும் சரி என்றாள். பிறகு இரண்டு வீட்டிலும் பேசினார்கள், ஒத்துக்கொண்டார்கள், நிச்சயதாம்பூலம் நடந்தது.

முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு குடும்பமும் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். சேலையை எடுத்துப் போட்டவர் நடுத்தர வயதுக்காரர், நல்ல வாயாடி. ஒரு அரக்குச் சேலையை அவள் தோளில் போட்டுக் காட்டி, "இதக் கட்டுனா மாப்பிள தாலி கட்ட மறந்துருவாரும்மா" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

கடையின் பின்பக்கம் கார் நிறுத்தியிருந்தோம். மற்றவர்கள் பில் போடும் இடத்தில் நின்றார்கள். பைகளை வைக்க நான் காருக்குப் போனேன். அங்கே தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அங்க என்ன பல்லக் காட்டுத?" என்றான். சத்தம் போடவில்லை, பையத்தான் கேட்டான்.

அவள் கையில் இருந்த கண்ணாடி வளையல்கள் உடைந்து தரையில் விழுந்தன. ரத்தம் வந்தது. அவன் என்னைப் பார்த்தான், கையை விட்டான். "கார் சாவி ஒங்கிட்டயாக்கா இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

அந்த இடத்தில் நான் செய்தது இதுதான். குனிந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன், அவள் அம்மா பார்த்துவிடக்கூடாதே என்று. என் கைக்குட்டையை அவள் மணிக்கட்டில் கட்டினேன். அவள் அம்மா வந்து பதறியபோது, "ஒண்ணுமில்ல அத்தை, கார் கதவுல பட்டுட்டு" என்றேன். யோசிக்கவே தேவையில்லாமல் வந்த பொய். என் தோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அடுக்களையில் நானும் அம்மாவும் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம். கார் நிறுத்திய இடத்தில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையை நிறுத்தவில்லை.

"பாத்தேன், அந்தப் புள்ள கையில கட்டு" என்றாள். மஞ்சளில் விரலைத் தொட்டுக்கொண்டே, "ஒங்க அத்தைக்குத் தெரியும்" என்றாள்.

"எது?"

"ஒங்க அப்பாவுக்குக் கை நீளும்னு. கல்யாணத்துக்கு முன்னால அவளையே அடிச்சிருக்காவ. நீ பொறந்த பொறவு அவளாத்தான் எங்கிட்டச் சொன்னா. என்னப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கம்மா அவகிட்டத் தனியாக் கேட்டாளாம், தம்பி எப்படின்னு. தங்கம்னாளாம். எந்தலையில பூ வச்சு விட்டதும் அவதான்."

"நீ அவங்ககிட்டக் கேக்கலையா?"

"கேட்டு? அவளுக்கு அவ தம்பி." அம்மா அடுத்த பத்திரிகையை எடுத்தாள். எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் அதைச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஜங்ஷனில் முக்கூடல் பஸ் ஏறினேன். பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். உரக்கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"கல்யாணம் வேண்டாம்னா நான் சொல்லுதேன்" என்றேன். "நீ சொல்ல வேண்டாம். ஒங்க வீட்லயும் எங்க வீட்லயும் நான் பேசுதேன்."

"நான் சொல்லலன்னு நெனைக்கியா?" என்றாள். "எங்கம்மாகிட்ட மூணு மாசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன். நம்பல. 'அவன் அக்காவே தங்கமான பையன்னு சொல்லுதா, ஒனக்கு என்னட்டி'ங்கா."

அந்தத் தங்கம் என் வாயிலிருந்து போனதுதான். நிச்சயத்தன்று அவள் அம்மா கேட்டார், நான் சொன்னேன்.

அவள் அம்மா காப்பி கொண்டு வந்தார். அவள் அப்பாவையும் கூப்பிடச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவள் அப்பா நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா, நீ அவன் கூடப்பொறந்தவ. யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"ஆமா மாமா."

"எத்தன தடவ?"

"எனக்குத் தெரிஞ்சு ஆறு. அன்னைக்குக் கடையில வச்சு நடந்ததையும் சேத்து. கார் கதவுன்னு அத்தைகிட்டப் பொய் சொன்னது நான்தான்."

மகளிடம் கையைக் காட்டச் சொன்னார். கட்டை அவிழ்த்துக் காட்டினாள். பார்த்துவிட்டுக் கடைப்பக்கம் போனார். ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு எங்கள் அப்பாவுக்குப் போன் செய்தார். எங்களுக்கு அவர் பேசியது மட்டும்தான் கேட்டது. "இல்ல அண்ணாச்சி. கோவமெல்லாம் இல்ல. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஒங்க மக இங்கதான் இருக்கா. அவ சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

கிளம்பும்போது என் தோழி வாசல்வரை வந்தாள். அவள் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா ஒங்கிட்டத்தானட்டி சொன்னேன்" என்றாள். "இனிமே என்னப் பாக்க வராத."

வீட்டுக்கு வந்தபோது அப்பா பட்டாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்தில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேசியது தம்பிதான்.

"நான் குடிச்சனா? வேற பொண்ணு பின்னால போனனா? எல்லாரும் செய்யுததத்தான செஞ்சேன்?"

"எல்லாரும்னா யாருல? அப்பாவும் ஒங்கூட்டாளியும்தான?"

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்தான். அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அம்மா வந்து அதை நிமிர்த்தி வைத்தாள்.

அதன் பிறகு அவன் நண்பர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அவள் படத்தைத் தங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, ஏமாற்றிவிட்டாள் என்று எழுதினார்கள். தம்பியிடம் கேட்டேன். "நான் போடலையே" என்றான். "எடுக்கச் சொல்லு. இல்லன்னா அவங்க அப்பா போலீஸுக்குப் போவாங்க, சாட்சி சொல்ல நானும் போவேன்" என்றேன். போவேன் என்று அவனுக்கு அப்போது தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னதற்காக அவர்களுக்குள் வாய்ச்சண்டை வந்து, கொஞ்ச நாளில் ஷட்டிலுக்குப் போவதும் நின்றது.

என் தோழி கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு தோழியின் கல்யாணத்தில் பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்து எழுந்து போனாள். என்னை மன்னிக்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது நாத்தனாராக வரவிருந்தவளைத் தனியாகக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன், "உங்க அண்ணன் கை நீட்டுவாங்களா?" அவள் திகைத்துப் போய்ச் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இல்ல. கோவம் வந்தா சாப்பிடாமப் படுத்துக்கிடுவான். அதத்தான் நீங்க சமாளிக்கணும்" என்றாள். அது உண்மை. இன்றும் அப்படித்தான் படுத்துக்கொள்கிறார்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். கல்யாணம் நின்றதற்குப் பிறகு ஒருநாள் ஏதோ காப்பி விஷயத்தில் கையை ஓங்கியிருக்கிறார். "அடிங்க, ஒங்க மக முக்கூடலுக்குப் போன மாதிரி தெருத்தெருவாப் போய்ச் சொல்லுவா" என்றாளாம் அம்மா. கை இறங்கிவிட்டது. அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை அடித்திருக்கிறார் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள்.

தம்பி கொஞ்ச காலம் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனான். அம்மா கேட்டுக்கொண்டதற்காகத்தான் போனான். நான்கைந்து தடவையோடு நிறுத்திவிட்டான். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. போன வருடம் அவனுக்கு மறுபடியும் பெண் பார்த்தார்கள். அவன் என் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"நீ அவங்ககிட்டச் சொல்லுவியாக்கா?"

"சொல்லுவேன். அவங்க கேக்கலன்னாலும் சொல்லுவேன்."

"நானே சொல்லுதேன்" என்றான்.

சொன்னான். பெண் வீட்டில், எல்லார் முன்னாலும், முன்பு நிச்சயமான கல்யாணம் ஏன் நின்றது என்று சொன்னான். நானும் அங்கே இருந்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் தாய்மாமா சிரித்துவிட்டார். "கோவம் இல்லாத ஆம்பளையா? இதயெல்லாம் போய்ச் சபையில சொல்லிக்கிட்டு! நம்ம பிள்ளைக்கு வெள்ளை மனசு" என்றார். காப்பி வந்தது. நாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே போய்விட்டார்கள்.

உள்ளே இருந்த அந்தப் பெண் மாப்பிள்ளையோடு பேச வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். மாடியில் போய்ப் பேசினார்கள். பத்து நிமிடம்கூட இருக்காது. வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டேன்.

"இப்பக் கோவம் வந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்." சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "சரி, அப்ப வேண்டாம்னுட்டா."

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கு என்றான். பிறகு அம்மாவிடம் போய் ராத்திரிக்குத் தோசைக்கு என்ன தொட்டுக்கிட என்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அந்த மருத்துவரின் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். இருந்தது, அனுப்பி வைத்தேன்.